கவரிங் சங்கிலிக்குப் பழப்புளி எதிரியானது எப்படி?

"கவரிங் கறுத்திட்டுது, என்ன செய்யிறது?" எண்டு யாரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் சமையலறையில் இருந்துதான் வரும். அம்மம்மா பழப்புளி எண்டுவா. மாமி தேசிக்காயும் உப்பும் எண்டுவா. பக்கத்து வீட்டு அன்ரி சாம்பல். ரிக்ரொக்கில் ஒரு பிள்ளை பற்பசையைப் பூசிப் பிரஷால் தேய்த்துக்கொண்டு நிற்கும், இன்னொன்று சங்கிலியைக் கொக்கா கோலாவுக்குள் போடும், மூன்றாவது பிள்ளை அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் சுடுதண்ணியும் எடுத்து வைத்துக்கொண்டு "மஜிக்" காட்டும்.

இதில் ஒன்றுகூடப் பொய் வைத்தியம் இல்லை. எல்லாமே ஏதோ ஒரு உலோகத்தில் உண்மையாகவே வேலை செய்பவைதான். சிக்கல் என்னவென்றால், கவரிங் சங்கிலி அந்த உலோகம் இல்லை. அது உண்மையில் ஒரு உலோகமே இல்லை. இரண்டு மூன்று உலோகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஏற்பாடு. மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தோல். எங்கட வீடுகளில் இருக்கிற மினுக்கும் அறிவு முழுக்கத் தடித்த பித்தளைக்கும் செம்புக்கும் வெண்கலத்துக்கும் எண்டு உருவானது. அதை அப்படியே தூக்கிச் சங்கிலியில் போட்டால் சங்கிலி செத்துப்போகும். இந்த இரண்டும் எப்போது பிரிந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் குத்துவிளக்கைப் பார்ப்போம். பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. காற்றிலுள்ள ஒட்சிசனும் கந்தக வாயுக்களும் செம்போடு சேர்ந்து மேற்பரப்பில் மங்கலான, பழுப்பு கலந்த ஒரு படலத்தை உண்டாக்கும். பழப்புளியில் இருப்பது தாத்தாரிக் அமிலம், தேசிக்காயில் இருப்பது சித்திரிக் அமிலம். இரண்டுமே அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். உப்புச் சேர்த்தால் இன்னும் வேகம். பிறகு பொச்சால் தேய்த்துக் கழுவினால் கீழே இருந்த புதுப் பித்தளை பளபளவென்று வரும். அதாவது, ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் விளக்கின் தோலில் கொஞ்சத்தை உரித்து எறிகிறோம். ஆனால் விளக்கு உள்ளும் புறமும் ஒரே பொருள். நூறு வருடம் உரித்தாலும் உள்ளே பித்தளைதான் இருக்கும். பழைய விளக்குகளில் வேலைப்பாடுகள் மழுங்கிப் போயிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுப் பெண்கள் செய்த வேலையின் தடம்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். தங்கம் கறுக்காது. கவரிங் கறுக்கிறதென்றால் கறுப்பது தங்கமல்ல, அடியில் இருக்கிற செம்போ பித்தளையோதான். மேலே உள்ள தங்கப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். வியர்வையின் உப்பும் ஈரமும் அந்தத் துளைகளால் உள்ளே போகும். செம்பின் அணுக்களும் சும்மா இருக்காமல் மெல்ல மெல்லத் தங்கத்தினூடாக மேலே ஊடுருவி வரும். மேலே வந்து காற்றைக் கண்டதும் கறுக்கும். கழுத்தில் பச்சை பிடிப்பதும் இதே செம்புதான். வியர்வையோடு சேர்ந்து அது பச்சை உப்பாகிறது. பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும்.

அந்தத் தோலின் தடிப்பு எவ்வளவு? அமெரிக்காவின் வணிக விதிகளைப் பார்த்தால் ஒரு அளவு கிடைக்கும். மின்முலாம் எண்டு பெயர் போட்டு விற்பதற்கு ஆகக் குறைந்தது 0.175 மைக்ரோன் தங்கம் இருக்க வேண்டும். தடித்த மின்முலாம் எண்டால் 2.5 மைக்ரோன். 0.175ஐவிடக் குறைந்தால் வெறுமனே தங்கத்தால் "கழுவியது" என்ற வகையில்தான் சேரும். மலிவான நகைகள் கனக்க இந்தக் கடைசி வகைக்குள் வருபவை. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். 0.1 மைக்ரோன் என்பது அதில் 700இல் ஒரு பங்கு. ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: ஒரு சங்கிலியின் மேற்பரப்பு 20 சதுர சென்ரிமீற்றர் எண்டு வைத்தால், 0.1 மைக்ரோன் தடிப்பில் அதில் ஒட்டியிருக்கும் தங்கம் ஏறக்குறைய 4 மில்லிகிராம். ஒரு பவுண் எடையுள்ள, அதாவது 8 கிராம் சுத்தத் தங்கத்தில் இப்படி 2000 சங்கிலிகளுக்கு முலாம் போட்டுவிடலாம்.

இதற்குமேல் பழப்புளியைப் பூசினால் நடப்பது இதுதான். அமிலம் தங்கத்தை ஒன்றும் செய்யாது. துளைகளால் உள்ளே இறங்கி அடியிலுள்ள செம்பைத் தின்னும். கறுப்புப் போய்ச் சங்கிலி ஒரு நாள் மினுங்கும், எல்லோருக்கும் சந்தோசம். அடித்தளம் அரித்துப்போன தங்கத் தோல் பிறகு செதில் செதிலாகக் கழரும். பற்பசையும் சாம்பலும் வேறு வழியால் அதையே செய்கின்றன: அவற்றில் இருக்கிற நுண்ணிய துகள்கள் தங்கத்தையே சுரண்டிவிடும்.

தோல் இவ்வளவு மெல்லியதானது அண்மைக்காலக் கதை. தங்கம் பூசுகிற ஆசை மிகப் பழையது. எங்கட தீவின் ஆகப் புகழ்பெற்ற "கவரிங்" இப்போது லண்டனில் இருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்ட தாரா சிலையைச் சொல்கிறேன். 8ஆம் நூற்றாண்டு அளவில் வார்த்தது. 143 சென்ரிமீற்றர் உயரம், திண்ம வெண்கலம், மேலே பொன்முலாம். ஆளுநராக இருந்த ரொபேர்ட் பிரவுன்றிக் 1830இல் அதைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். (யாருடைய பொருளை யார் கொடுப்பது என்பது இன்னொரு கட்டுரைக்குரிய விசயம்.) ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் பொன்னிறம் இன்னும் தெரிகிறது. பழைய உலகில் பரவலாக இருந்த முலாம் முறை, தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கிப் பூசி, பிறகு சூடாக்குவது. பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நின்றுவிடும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகள் நடுக்கம் பிடித்துச் செத்தார்கள். ஆனால் படிந்த தங்கம் தடிப்பானது, அடி உலோகத்தை இறுகப் பிடித்திருப்பது.

எனக்கு ஆகப் பிடித்த கதை கொலம்பியாப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே அங்கிருந்த தட்டார் செம்பையும் தங்கத்தையும் உருக்கிக் கலந்து நகை செய்தார்கள். இந்தக் கலவையைத் தும்பாகா எண்டு சொல்வார்கள். வார்த்தவுடன் அது செம்பு நிறமாகத்தான் இருக்கும். பிறகு சூடுகாட்டுவார்கள். மேற்பரப்பிலுள்ள செம்பு கறுக்கும். அந்தக் கறுப்பைத் தாவரங்களின் புளிப்புச் சாற்றால் கழுவி எடுப்பார்கள். திரும்பச் சூடு, திரும்பக் கழுவல். ஒவ்வொரு முறையும் செம்பு வெளியேற, கரையாத தங்கம் மட்டும் மேலே மிஞ்சும். கடைசியில் முழுப் பொருளும் சுத்தத் தங்கம்போல நிற்கும். இதைப் பற்றி எழுதிய 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியரான ஒவியேடோ, அவர்கள் பாவித்த மூலிகையின் இரகசியம் தெரிந்தால் ஐரோப்பாவில் எந்தத் தட்டாரும் பெரிய பணக்காரனாகிவிடுவான் என்ற மாதிரி வியந்திருக்கிறார்.

கவனித்துப் பாருங்கள், இது எங்கட பழப்புளி வேலையேதான்! அமிலத்தால் கறுப்பை எடுப்பது. அங்கே தங்கம் உலோகம் முழுக்கக் கலந்திருந்தது, அதனால் கழுவக் கழுவப் பொன்னாகியது. இங்கே தங்கம் மேலே மட்டும் இருக்கிறது, அதனால் கழுவக் கழுவச் செம்பாகிறது.

கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் இந்த வகைக் கலவையைக் குவானின் எண்டு அழைத்தார்கள். கொலம்பஸ் அதில் மாதிரிகள் அனுப்பிச் சோதித்ததில் 32 பங்கில் 18 தங்கம், 6 வெள்ளி, 8 செம்பு இருந்ததாம். தைனோக்களுக்குச் சுத்தத் தங்கத்தைவிட இது பெரிது. காரணம் அதன் செந்நிறமும் மணமும். செம்பைக் கையில் தேய்த்தால் வருகிற அந்த மணம்தான், நாங்கள் கவரிங் வளையலைக் கழற்றும்போது முகம் சுளிக்கிற அதே மணம். ஐரோப்பியர் கொண்டுவந்த பித்தளையை வானத்திலிருந்து வந்தது எண்டு நினைத்துத் துரேய் எனப் பெயரிட்டார்கள். கியூபாவின் எல் சொறோ தே மைத்தா என்ற இடுகாட்டில் அவர்களுடைய எலும்புகளோடு சின்னச் சின்னப் பித்தளைக் குழாய்கள் கிடைத்தன. அவை ஐரோப்பிய உடுப்புகளின் நாடா நுனியில் போடப்படும் சாதாரணக் குழாய்கள். சப்பாத்து லேஸ் நுனியில் இருக்குமே, அந்த மாதிரி. ஆய்வுகூடத்தில் பார்த்தபோது ஐரோப்பியப் பித்தளை எண்டு தெரிந்தது. தங்கத்தைத் தேடி வந்தவர்கள் பித்தளையைக் கொடுத்தார்கள், அவர்கள் அதை இறந்தவர்களோடு புதைத்தார்கள். ஏமாற்று எண்டு ஒரு பக்கம் சொல்லலாம். எது விலைமதிப்பானது என்பதை மணத்தால் தீர்மானித்த ஒரு சமூகம் இருந்தது என்பது எனக்கு அதைவிடப் பெரிய விசயமாகப் படுகிறது.

பிறகு லண்டன். 1732இல் இறந்த கிறிஸ்ரோபர் பின்ச்பெக் என்ற மணிக்கூட்டுக்காரர் செம்பையும் நாகத்தையும் ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்து, தங்கம்போலவே தெரிகிற உலோகம் ஒன்றைச் செய்தார். வழிப்பறிக்காரருக்குப் பயந்து, குதிரை வண்டியில் ஊர் போகிறவர்கள் உண்மை நகையை வீட்டில் வைத்துவிட்டுப் பின்ச்பெக் நகையைப் போட்டுக்கொண்டு போவார்களாம். சங்கிலி அறுப்புக்குப் பயந்து தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு பஸ்ஸில் கவரிங்கோடு போகிற எங்கட அம்மாமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலப்போக்கில் ஆங்கிலத்தில் "பின்ச்பெக்" என்ற சொல்லுக்கே "போலி" என்ற அர்த்தம் வந்துவிட்டது, பாவம் மனிசன்.

தோலை உண்மையில் மெல்லியதாக்கியது மின்சாரம். 1800இல் வோல்ற்றா மின்கலத்தைச் செய்தார். ஐந்து வருடத்தில், 1805இல், புறூஞாத்தெல்லி என்ற இத்தாலியர் அதைக்கொண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குத் தங்கம் ஏற்றினார். ஆனால் அதைத் தொழிலாக்கியது பேர்மிங்காம். ஜோன் ரைற் என்ற அந்த ஊர் வைத்தியர் பொட்டாசியம் சயனைட் கரைசலில் முலாம் ஒழுங்காகப் படிகிறது எண்டு கண்டுபிடித்தார். எல்கிங்ரன் குடும்பத்தினர் அதையும் சேர்த்து 1840இல் காப்புரிமை எடுத்தார்கள். இதற்குப் பிறகு எவ்வளவு தங்கம் படியவேண்டும் என்பதைத் தட்டாரின் கை தீர்மானிக்கவில்லை, மின்னோட்டமும் நேரமும் தீர்மானித்தன. சில வினாடிகளில் எடுத்தால் சில வினாடிகளுக்குரிய தங்கம். மஞ்சளாகத் தெரிய எவ்வளவு போதுமோ அவ்வளவோடு நிறுத்தலாம். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? பேர்மிங்காமின் பேச்சுவழக்குப் பெயரான "பிரமஜம்" என்பதும் ஆங்கிலத்தில் மலிவான பகட்டுச் சாமானுக்குப் பெயராகியது.

இதற்கு நடுவில் இன்னொரு வழி இருந்தது. மெல்லிய தங்கத் தகட்டைச் செம்பின்மேல் வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டி, இரண்டையும் ஒன்றாக உருட்டி நீட்டுவது. அதுதான் றோல்ட் கோல்ட். ஆந்திராவின் மசூலிப்பட்டினத்தில் சிலகலபூடி என்ற இடம் இதற்குப் பேர்போனது. தமிழ்நாட்டில் கவரிங் எண்டால் சிதம்பரம். தகட்டு முறையில் செய்த பழைய றோல்ட் கோல்ட் வருடக்கணக்கில் கறுக்காமல் இருக்கும். "அந்தக் காலத்துக் கவரிங் இப்ப இல்லை" எண்டு பெரியாக்கள் சொன்னால் அது வெறும் பழம்பெருமை இல்லை. தொழில்நுட்பமே மாறிவிட்டது.

இந்தியாவில் 1963 ஜனவரியில் மொறார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 கரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக்கூடாது. ஆயிரக்கணக்கான தட்டார்கள் தொழில் இழந்தார்கள். 1968இல் அது முழுச் சட்டமாகி, 1990இல்தான் நீக்கப்பட்டது.

எங்கட பக்கத்தில் தங்கம் வீட்டைவிட்டுப் போனது வேறு விதமாக. 1990களின் தொடக்கத்தில் வடக்கில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு 2 பவுண் கேட்டு வாங்கினார்கள். மிச்சத்தை இடப்பெயர்வுகள் தின்றன. அடைவு வைத்தது மீளாமல் போனது, புதைத்த இடம் திரும்பிப் போக முடியாத இடமானது, படகுக்கும் ஏஜென்சிக்கும் காப்பும் சங்கிலியும் போனது. பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கு அம்மாவுக்கு மட்டும் தெரியும், கேட்டால் பவுண் பவுணாகச் சொல்லுவா. அதே காலத்தில்தான் பொருளாதாரத் தடையால் சவர்க்காரமே அருமையாகி, சனம் பனங்களியில் உடுப்புத் தோய்த்தது. உள்ளதை வைத்துச் சுத்தம் செய்கிற அறிவு அந்தத் தலைமுறைக்கு நிறைய இருந்தது. பழப்புளியும் தேசிக்காயும் சாம்பலும் எல்லாவற்றுக்கும் மருந்தென்று அவர்கள் நம்புவதில் நியாயம் இருக்கிறது.

போனது தங்கம். வந்தது கவரிங். சென்னை, திருச்சி போய்வருபவர்களின் பெட்டிகளில் வந்தது, பிறகு கடைகளில் குவிந்தது. 2022இல் ரூபாய் சரிந்து ஒரு பவுண் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியபிறகு கல்யாண வீட்டுக்குக் கவரிங் போட்டுப் போவது பேசக்கூட ஒரு விசயமில்லாமல் போய்விட்டது. ஆனாலும் கறுப்பு மட்டும் பேசப்படும். கவரிங் போடுவது வெட்கமில்லை, அது கவரிங் எண்டு தெரிவதுதான் வெட்கம். அதனால்தான் முதல் நாள் இரவு இவ்வளவு அவசரமாகத் தேய்க்கிறோம். தேய்க்கிறதும் அநேகமாகப் பொம்பிளைப் பிள்ளையள்தான். தேய்த்துத் தேய்த்து மூன்று மாதத்தில் இன்னொன்று வாங்கவேண்டி வருகிறது. விற்கிறவருக்கு இது நல்ல வியாபாரம்.

சரி, கறுத்ததை என்ன செய்யிறது?

முதலில் என்ன பொருள் எண்டு பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே பித்தளையோ செம்போ (கோயில் திருவிழாவில் வாங்குகிற தடித்த காப்பு மாதிரி) என்றால் அம்மம்மா சொன்னதைத் தாராளமாகச் செய்யலாம், புளி, தேசிக்காய் எல்லாம் சரி. கன நேரம் ஊறப்போடாதீர்கள், நாகம் கரைந்து பித்தளை செம்மை தட்டும். வெள்ளி என்றால் அந்த அலுமினியத் தாள் மஜிக் உண்மையிலேயே நல்லது: வெள்ளியோடு சேர்ந்த கந்தகத்தை அலுமினியம் எடுத்துக்கொள்ள, வெள்ளி திரும்ப வெள்ளியாகிறது. ஆனால் "ஒக்சிடைஸ்ட்" எண்டு விற்கிற கறுத்த சிமிக்கிகளை அதில் போட்டால் காசு கொடுத்து வாங்கிய கறுப்பும் போய்விடும்.

கவரிங் என்றால் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு குழந்தைப்பிள்ளை ஷாம்பு, பழைய பருத்தித் துணி. அவ்வளவுதான். ஊறப்போடக் கூடாது, கல் வைத்ததென்றால் தண்ணிக்குள் போடவே கூடாது. அந்தக் கற்கள் பசையில்தான் நிற்கின்றன. நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு காயவைப்பதுதான் முக்கியம். சங்கிலிக் கண்ணிகளுக்கு இடையில் நிற்கும் ஈரமே அடுத்த கறுப்பு, அதனால் ஃபானுக்குக் கீழே நன்றாகக் காயவிடுங்கள். இதனால் வியர்வை, பவுடர், எண்ணெய்ப் பிசுக்கு போகும், மங்கலில் பாதி அதுதான். மற்றப் பாதி, துளைகளால் வந்த செம்புக் கறுப்பு, முழுக்கப் போகாது. போகும்வரை தேய்க்கவேண்டும் எண்டு தோன்றுகிற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். செந்நிறம் தெரியத் தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் தங்கம் முடிந்துவிட்டது, எதைப் பூசினாலும் வராது. பிடித்த நகை என்றால் பத்தரிடம் கொடுத்துத் திரும்ப முலாம் போடுவிக்கலாம், முதலில் விலையைக் கேளுங்கள், சில நேரம் புதிது மலிவு.

கறுக்காமல் வைப்பதற்கு: சென்ற், கிறீம், பவுடர் எல்லாம் போட்டு முடித்துக் கடைசியாக நகை. கழற்றியவுடன் துடைத்து, காற்றுப் போகாத சின்னப் பையில் தனித்தனியாக. சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல் பக்கத்தில் வையுங்கள். புதிதாக வாங்கியவுடன் தோட்டின் பின்பக்கம், மோதிரத்தின் உட்பக்கம் நிறமற்ற நெய்ல் பொலிஷ் ஒரு பூச்சுப் பூசுவது நல்ல தந்திரம், சில வாரங்களில் உரியும், திரும்பப் பூசலாம்.

அரிப்பு வந்தால் மட்டும் இது எதுவும் பொருந்தாது. செம்பு மேலே வராமல் தடுக்க நடுவில் நிக்கல் படலம் ஒன்று போடுவது வழக்கம், மேல்தோல் தேய்ந்ததும் அந்த நிக்கல் உடம்பில் படும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே நகைகளிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு எல்லை போட்டது அதற்காகத்தான். காது சிவந்து தண்ணி வடிகிற தோட்டை எவ்வளவு மினுக்கினாலும் அது திரும்பக் காதுக்கு ஆகாது, கழற்றி வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கிற வயதென்றால் மலிவு நகை எதையும் கொடுக்க வேண்டாம். 2010இல் அமெரிக்காவில் பிள்ளைகளின் நகைகளில் கட்மியம் கண்டுபிடித்துத் திரும்ப எடுத்தார்கள், ஈயத்தின் கதை அதற்கும் முந்தியது. சமைக்கிற சட்டியில் நகையைப் போட்டு அவிப்பவர்களும் அந்தச் சட்டியை இனி வேறாக வைக்கலாம்.